மரவள்ளியைக் காத்த குளவி

மரவள்ளித் தடியொன்றை வேலியோரத்தில் நட்டு மறந்துவிட்டாலும், ஓராண்டின் பின் அது கிழங்கோடு நிற்கும். மழை பொய்த்தாலும் பெரிதும் வாடாது. அறுவடைக்கு நாட் குறிக்க வேண்டியதுமில்லை. தேவைப்படும்வரை நிலமே அதற்குக் களஞ்சியம். அரிசியும் பாணும் அரிதாகிய 1970ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இலங்கையின் எத்தனையோ வீடுகளில் அடுப்பேறியது இக்கிழங்கே என்பதை மூத்த நேயர்கள் மறந்திரார். இத்தீவினருக்கு அது பஞ்சகாலத் துணை. ஆபிரிக்காவின் கோடிக்கணக்கான மக்களுக்கோ அதுவே நாளாந்த உணவு.

மரவள்ளியின் பிறப்பிடம் தென்னமெரிக்கா. அதனை 16ஆம் நூற்றாண்டிலே ஆபிரிக்கக் கரைக்குக் கொண்டு சென்றவர் போர்த்துக்கேயர். பயிர் கடல் கடந்தது. அதன் பகைப்பூச்சிகள் பல பிறந்த நாட்டிலேயே தங்கிவிட்டன. ஏறத்தாழ நானூறாண்டுகள் இந்த நல்வாய்ப்பு நீடித்தது. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற் கொங்கோப் பகுதியில் வெண்மூட்டுப் பூச்சியொன்று மரவள்ளிக் குருத்துகளிற் காணப்பட்டது. மாவை அப்பியது போன்ற மேனியுடைய இப்பூச்சிகள் யாவும் பெண்கள். ஆணின் துணையின்றியே முட்டையிட்டுப் பெருகுவன. இவை சாற்றை உறிஞ்ச, குருத்துச் சுருண்டு, இலை உதிர்ந்து, செடி மொட்டையாகும். கடுமையாகத் தாக்குண்ட வயல்களில் விளைச்சலின் ஐந்தில் நான்கு பங்கும் அழிந்தது. மரவள்ளி இலையைக் கீரையாக உண்ணும் மக்களுக்குக் கறியும் இல்லாமற் போயிற்று. அடுத்த நடுகைக்கு வேண்டிய நல்ல தடியுங் கிடைக்கவில்லை.

நஞ்சு தெளித்தாலென்ன என்று கேட்கலாம். அரை ஏக்கர் உழவனிடம் நஞ்சு வாங்கப் பணமேது? வாங்கினாலும், உண்ணும் இலையில் அதனைத் தெளிப்பதெங்ஙனம்?

நைஜீரியாவின் இபாதான் நகரில் 1967இல் நிறுவப்பட்ட அனைத்துலக வெப்பவலய வேளாண்மை நிலையத்தில், 1979இற் பணியேற்றவர் ஹான்ஸ் ஹெரன் என்னும் சுவிற்சர்லாந்து அறிஞர். பிறந்த இடத்திலே இப்பூச்சி பெருந்தொல்லையாக இல்லையென்றால், அங்கே அதனை அடக்கிவைக்கும் எதிரியொன்று இருத்தல் வேண்டும் என்பது அவர் எண்ணம். தேடல் எளிதாக இருக்கவில்லை. தென்னமெரிக்காவின் வடபகுதியில் இதனையே ஒத்த பூச்சியொன்று அகப்பட்டது. ஆனால் அதன் எதிரிகள் ஆபிரிக்கப் பூச்சியைத் தீண்டவில்லை. பின்னர் ஆராய்ந்தபோது அது வேறோர் இனமென்பது தெளிவாயிற்று. 1981இல், கொலம்பியாவிலுள்ள சகோதர நிலையமொன்றின் பூச்சியியலறிஞர் அந்தோனி பெலொற்றி என்பவர் உண்மையான பூச்சியைப் பரகுவே நாட்டிற் கண்டார். அதனோடு கூடவே இருந்தது எள்ளளவான ஒரு குளவி.

இக்குளவி மனிதரைக் கொட்டுவதில்லை. வெண்மூட்டுப் பூச்சியின் உடலுள் முட்டையிடும். பொரிக்கும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வெறுங்கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவியாக வெளிப்படும். ஓர் அந்நியப் பூச்சியின் தொல்லையை மற்றோர் அந்நியப் பூச்சியால் நீக்க முயல்வதில் ஆபத்தில்லையா? உண்டு, அவசரப்பட்டவர்கள் பிறவிடங்களிற் பட்ட துன்பம் பல. ஆகவே குளவிகள் முதலில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, தனிமைக் காப்பில் வைத்துச் சோதிக்கப்பட்டன. அதன் பின்னரே இபாதானை அடைந்தன. 1981 நவம்பரில் முதற் குளவிகள் வயலில் விடப்பட்டன.

விட்ட இடத்திலே வேரூன்றிய குளவி பின்னர் தானாகவே நெடுந்தூரம் பரவியது. போக வேண்டிய தொலைவோ கண்டமளவு. ஆதலால் விமானத்திலிருந்தும் குளவிகள் தூவப்பட்டன. பறக்கும் குளவிக்கு எல்லைக்கல் தெரியாது. ஆயினும் ஒவ்வோர் அரசின் ஒப்புதலையும் பெறவேண்டியிருந்தது. பணம் பல நாடுகளிலிருந்தும் அனைத்துலக நிதியங்களிலிருந்தும் வந்தது. ஏறத்தாழ முப்பது நாடுகளின் மரவள்ளித் தோட்டங்கள் இவ்வாறு மீண்டன. உழவன் ஒரு காசுஞ் செலுத்தவில்லை. அவர்களிற் பலர் அக்குளவியைக் கண்டிருக்கவும் மாட்டார். ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

அதே பூச்சி பின்னர் தாய்லாந்தை அடைந்தபோது, ஆபிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவிகள் 2009இல் அங்கு அனுப்பப்பட்டன. உதவி பெற்ற கண்டம் உதவி வழங்கும் முறை வந்தது. இலங்கையிலும் இத்தகைய நிகழ்ச்சியுண்டு. 2008இற் பப்பாசி மரங்களை வேறோர் இன வெண்மூட்டுப் பூச்சி வெள்ளைப் போர்வையாக மூடியதைப் பலர் கண்டிருப்பர். அதற்குரிய குளவிகள், ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் துணையுடன், புவேர்ட்டோ ரிக்கோத் தீவில் வளர்க்கப்பட்டவற்றிலிருந்து 2009இல் இங்கு கொண்டுவரப்பட்டன. மறு ஆண்டிற் தமிழ்நாட்டிலும் அவை விடப்பட்டன.

ஆபிரிக்காவிற் குளவி எல்லா இடத்தும் வென்றுவிடவில்லை என்பதையுஞ் சொல்லவேண்டும். ஊட்டமற்ற மணல் நிலங்களிற் பூச்சித் தொல்லை தொடர்ந்தது. காரணம் மண்ணில் இருந்தது. மெலிந்த செடியில் வாழும் பூச்சியும் சிறுத்திருக்கும். சிறுத்த பூச்சியில் இட்ட முட்டையிலிருந்து பெரும்பாலும் ஆண்குளவியே பிறக்கும். முட்டையிடப் பெண்குளவிகள் போதா. அத்தகைய நிலங்களில் உழவர் எருவிட்டு, சருகினால் நிலத்தை மூடிவைத்தபோது செடி தேறியது. செடி தேறவே குளவியும் பெருகியது.