ஆறு கொடுத்து இரண்டு வாங்கிய கதை

போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு துணிப்பை நிறைய டிவிடிகளைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். மொத்தம் 28. பாதி கச்சேரிகள், மீதி சினிமாப் பாட்டுத் தொகுப்புகள், கூடவே அக்கா மகளின் அரங்கேற்றம். மும்பை மாட்டுங்காவில் எங்கள் வயதுக்காரர் வீட்டுப் பரணில் இப்படி ஒரு பை கட்டாயம் இருக்கும். கிரி டிரேடிங்கில் பூஜைச் சாமான் வாங்கப் போனால் ஒரு டிஸ்க்கும் கூடவே வரும். காலா கோடாவில் ரிதம் ஹவுஸ் என்ற இசைக் கடை இருந்தது, 2016-ல் மூடினார்கள். 2007 வாக்கில் மோசர்பேயர் கம்பெனி 34 ரூபாய்க்கே டிவிடி விற்றது. இன்று பிளேயர் ரிப்பேர் ஆனால் பார்க்க ஆள் இல்லை. மகனின் லேப்டாப்பில் டிஸ்க் போட வாயே கிடையாது.

"எல்லாத்தையும் பென்டிரைவில் போட்டுக் கொடுங்க, சத்தம் அப்படியே வரணும்" என்றேன். கடைக்காரர் நிமிராமல், "சப் ஆ ஜாயேகா" என்றார். எல்லாம் வந்துவிடுமாம். நானும் நம்பினேன். மறுவாரம் பென்டிரைவ் வந்தது, டிவியில் போட்டேன், படமும் பாட்டும் ஓடின. டிஸ்க்குகளை ரத்திவாலாவுக்கு என்று கட்டிவைத்த பழைய பேப்பர் மூட்டை மேல் போட்டுவிட்டேன்.

காப்பாற்றியவர் எதிர் ஃபிளாட் மாமா. மூட்டையில் ஒரு கச்சேரி டிவிடியைப் பார்த்தவர், கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துப் போனார். அவரிடம் பழைய ஹோம் தியேட்டர் ஒன்று உண்டு. சோபாவுக்கு இரண்டு பக்கமும் பின்னால் ஸ்பீக்கர், டிவிக்குக் கீழே வூஃபர். அன்று ராத்திரியே கூப்பிட்டார். "உன் பென்டிரைவையும் எடுத்துண்டு வா."

முதலில் டிஸ்க். ஆம்ப்ளிஃபையரின் சின்னக் கண்ணாடியில் 'டால்பி டி' என்று எழுத்து வந்தது, பக்கத்தில் ஆறு கட்டங்களும் எரிந்தன. தனி ஆவர்த்தனம் முடிந்து கைதட்டல் எழுந்தபோது அது என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. சண்முகானந்தா அரங்கில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்தால் கேட்குமே, அப்படி. மிருதங்கத் தொப்பியின் அடிநாதம் தரை வழியாகக் காலுக்கு ஏறியது. பிறகு பென்டிரைவ். கண்ணாடியில் 'பிசிஎம்', இரண்டே கட்டம். அதே கைதட்டல் இப்போது பாடுபவரின் மடியிலிருந்து கேட்டது.

"பின்னாலயும்தான் சத்தம் வருதே மாமா" என்றேன். ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினார். 'புரோ லாஜிக்' எழுத்து அணைந்தது, பின் ஸ்பீக்கர்களும் வாயை மூடிக்கொண்டன. இரண்டு தடத்தை அந்தப் பெட்டி தானாகவே நாலு பக்கமும் தெளித்துக் கொண்டிருந்திருக்கிறது. ஆறு கொடுத்து இரண்டு வாங்கி வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

விஷயம் இதுதான். 5.1 என்று உறையில் போட்டிருக்கும் டிவிடியில் ஒலி ஆறு தனித்தனித் தடமாக இருக்கும்: முன் இடம், முன் வலம், நடு, பின் இடம், பின் வலம், அடிநாதத்துக்கு ஒன்று. டால்பி டிஜிட்டல் என்றால் டிவிடியில் விநாடிக்கு 448 கிலோபிட் வரை போகும். டிடிஎஸ் என்றால் 754 அல்லது 1,509. கடைகளில் பயன்படுத்தும் மென்பொருள்கள் பலவற்றின் வழக்கமான அமைப்பு, இந்த ஆறையும் கலந்து இரண்டாக்கி, 160 கிலோபிட் ஏஏசி ஒலியாகச் சுருக்கிவிடும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ஒன்றையும் தொடாமல் ஓட்டினால் இதுதான் நடக்கும். அடிநாதத் தடத்தைப் பெரும்பாலும் கலக்கக்கூட மாட்டார்கள், அப்படியே விட்டுவிடுவார்கள். சில டிஸ்க்குகளில் ஒரே கச்சேரியின் ஒலி மூன்று விதமாகப் பதிந்திருக்கும், முதலாவது ஸ்டீரியோ. மென்பொருள் முதலில் கண்டதை எடுத்துக்கொண்டு போய்விடும். கடைக்காரர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் போனது போனதுதான். ஒருமுறை இரண்டாகக் கலந்ததை எந்த மென்பொருளாலும் பழைய ஆறாகப் பிரிக்க முடியாது. '5.1 ஆக்கித் தருகிறோம்' என்று யாராவது சொன்னால், அது மாமா வீட்டுப் புரோ லாஜிக் வித்தைதான்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: காப்பியா, கன்வர்ட்டா? ஒலியை மாற்றாமல் எடுத்து வைப்பதற்கு 'பாஸ்த்ரூ' என்று பெயர், அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். மேக்எம்கேவி போன்ற மென்பொருள் படம், ஒலி இரண்டையும் சுருக்காமல் அப்படியே எம்கேவி கோப்பில் வைக்கும். எம்பி4-தான் வேண்டும் என்றால் டால்பி ஒலி அதில் உட்காரும், டிடிஎஸ் தகராறு செய்யும். இன்னும் எளிய வழி, டிஸ்க்கில் இருக்கும் 'வீடியோ_டிஎஸ்' ஃபோல்டரை முழுசாக ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து வைப்பது. மெனு, எல்லா ஒலித்தடம், சப்டைட்டில் என ஒன்றும் விடுபடாது.

இடம் அடைக்கும் என்று கடையில் பயமுறுத்துவார்கள். இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு 448 கிலோபிட் ஒலி சுமார் 400 எம்பி. சுருக்கிய ஸ்டீரியோ சுமார் 145 எம்பி. இந்த வித்தியாசத்துக்காகவா சபையைப் பறிகொடுப்பது? ஒற்றை அடுக்கு டிவிடி 4.7 ஜிபி, 64 ஜிபி பென்டிரைவில் பதிமூன்று டிஸ்க் முழுதாக அடங்கும். பென்டிரைவ் எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கட்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது.

பழைய கச்சேரிப் பதிவுகள் பல முதலிலிருந்தே ஸ்டீரியோதான், அவற்றில் தேட ஆறு தடம் கிடையாது. கர்நாடக சங்கீதத்துக்கு நேர்மையான ஸ்டீரியோ போதும், ஜோடனை சரவுண்டைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். 2008-ல் ஜெயேந்திரா எடுத்த 'மார்கழி ராகம்' கச்சேரிப் படத்துக்கு ஒலி வடித்தவர் எச். ஸ்ரீதர். பாம்பே ஜெயஸ்ரீயும் டி.எம். கிருஷ்ணாவும் பாடியது. அந்த மாதிரி சரவுண்டுக்கென்றே உட்கார்ந்து வடித்த ஒலியைக் கேட்டால் என் கட்சி கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது.

சரி, இப்படி எடுத்து வைப்பது சட்டப்படி சரியா?

1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை மீறலாகக் கருதாது. முன்பு இந்தச் சலுகை எழுத்து, இசை, ஓவியம் போன்றவற்றுக்கு மட்டும்தான், சினிமாவும் ஒலிப்பதிவும் வெளியே நின்றன. 2012-ம் ஆண்டுத் திருத்தம் கணினி நிரல் நீங்கலாக எல்லாப் படைப்புக்கும் அதை விரித்தது. அதே திருத்தம் 65ஏ என்ற பிரிவையும் கொண்டுவந்தது. பெரும்பாலான வணிக டிவிடிகளில் சிஎஸ்எஸ் என்ற பூட்டு உண்டு. உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. 'நோக்கத்தோடு' என்ற சொல்தான் நமக்குக் கவசம். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை நம் வீட்டில் கேட்க ஒரு பிரதி எடுப்பது அந்த நோக்கத்துக்குள் வராது என்றுதான் நான் படிக்கிறேன்.

ஆனால் கடைக்காரருக்கு ஒரு கடமை இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. இன்னொருவருக்காகப் பூட்டைத் திறக்க உதவுகிறவர், அந்த மற்றவரின் பெயர், முகவரி, என்ன காரியத்துக்கு என்ற விவரம் எல்லாவற்றையும் பதிந்து வைக்க வேண்டும் என்று 65ஏ சொல்கிறது. பெயரைக்கூடக் கேட்காமல் பையை வாங்கி வைக்கும் கடை, சட்டத்தைப் படிக்காத கடை.

எல்லையும் தெரிந்திருக்கட்டும். அந்தக் கோப்பை யூடியூபில் ஏற்றினாலோ, பத்துப் பேருக்குப் பென்டிரைவில் போட்டு விற்றாலோ அது சொந்த உபயோகம் ஆகாது. 63-வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். பாடினவருக்கும் வாசித்தவருக்கும் தனியாக 50 வருஷம். பிரதி எடுத்தபின் டிஸ்க்கை வீசிவிடவும் கூடாது என்பேன். நாளைக்கு யாராவது கேட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதற்கு அதுதான் சாட்சி.

"அமெரிக்காவில் இருக்கிற பிள்ளை பண்ணித் தருவான்" என்று டிஸ்க்கை அனுப்புகிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்கவும். அங்கே 1998-ல் வந்த சட்டப்படி, பார்த்துக் கேட்பதைத் தடுக்கும் பூட்டை உடைப்பதே தவறு, சொந்த டிஸ்க் என்பது பதிலாகாது. பிரிட்டனில் 2014 அக்டோபரில் சொந்தப் பிரதிக்கு அனுமதி கொடுத்தார்கள், 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் கொஞ்சம் தாராளம்.

அரங்கேற்ற டிஸ்க் வேறு ஜாதி. பூட்டு கிடையாது. காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் என்று 17-வது பிரிவு சொல்கிறது. அதனால் எடுத்துக் கொடுத்த வீடியோக்காரர் 'காப்பி போடக் கூடாது' என்று மிரட்ட முடியாது. ஆபத்து வேறு பக்கம். அது வீட்டு கம்ப்யூட்டரில் எழுதிய டிவிடி-ஆர். சாயத்தில் பதிந்த எழுத்து, அச்சடித்த டிஸ்க்கைவிடச் சீக்கிரம் மங்கும். அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். குடும்ப வீடியோவைக் கடையில் கொடுத்தால், வேலை முடிந்ததும் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள்.

மும்பையின் ஈரம் தனிக் கதை. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டைப் பசை போட்டு ஒட்டியது. ஓரத்தில் ஒட்டு விட்டால் ஈரம் உள்ளே போய் உலோகப் பூச்சை அரிக்கும். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், ஊசித் துளை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அந்த டிஸ்க்குக்கு நாள் குறைவு. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கம் தரைத்தள வீடுகளில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கவும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் எழுத்தின் போக்கிலேயே விழும்.

பென்டிரைவ் கைக்கு வந்ததும், காசு கொடுக்கும் முன் கடையிலேயே பார்த்துவிடுங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஒலிக்குக் கீழே 'ஏசி-3, 6 சேனல், 448' என்பது போல வர வேண்டும் (ஏசி-3 என்பது டால்பி டிஜிட்டல்தான்). 5.1 டிஸ்க்குக்கு '2 சேனல்' என்று வந்தால் திருப்பிக் கொடுங்கள். வி.எல்.சி. பிளேயரிலும் கோடெக் விவரத்தில் இது தெரியும். அங்கே ஆறு காட்டி வீட்டில் இரண்டாகக் கேட்டால், தப்பு உங்கள் டிவியில் இருக்கலாம். டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீடு 'பிசிஎம்' என்று இருந்தால் 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' ஆக மாற்றவும். சில புதிய டிவிகளில் டிடிஎஸ் ஒலி வரவே வராது, கோப்பைக் குறை சொல்லாதீர்கள்.

நான் செய்யாத ஒன்றை நீங்கள் செய்யுங்கள்: பில் வாங்குங்கள். அதில் 'ஒலி மாற்றாமல், 5.1, 28 டிஸ்க்' என்று எழுதச் சொல்லுங்கள். பில் தர மறுப்பதே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். சொன்ன வேலையைச் செய்யாதது சேவைக் குறைபாடு. முதலில் எழுத்தில் கேளுங்கள், மறுபடி செய்து கொடுக்கப் பெரும்பாலான கடைகள் ஒத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம். டிஸ்க்கைக் கீறித் திருப்பிக் கொடுத்தாலும் இதே வழிதான். அதனால் கொடுக்கும் முன் ஒவ்வொன்றின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் பில் இல்லை, கேட்க வாயும் இல்லை. மாமாவின் பழைய டெஸ்க்டாப்பில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாங்களே மறுபடி எடுத்தோம். 28-ல் 25 திறந்தது. திறக்காத மூன்றில் ஒன்று அரங்கேற்றம். கடைக்காரர் சுருக்கிக் கொடுத்த கோப்புதான் இப்போது அதற்கு இருக்கும் ஒரே பிரதி.

மும்பைக்கு மழை ஜூன் இரண்டாம் வாரத்தில் வந்துவிடும். அதற்குள் பரணிலிருந்து அந்தப் பையை இறக்கிவிடுங்கள், வீட்டில் எழுதிய டிஸ்க்குகளை முதலில் எடுங்கள்.