முடிசூட்டு நாற்காலியின் மேனி

லண்டன் மாநகரில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் மேற்கு வாயிலை அடுத்த சிறு மண்டபத்தில், இங்கிலாந்தின் மன்னர்கள் அமர்ந்து முடிசூட்டிக்கொள்ளும் ஓக் மரத்து நாற்காலி வைக்கப்பட்டிருக்கிறது. ஆளுயரத்தை மிஞ்சி 2 மீட்டருக்குச் சற்று மேலாக உயர்ந்து, முதுகுப்புறம் கூம்பிக் குவிந்து, பக்கங்களில் வளைவு மாடங்கள் செதுக்கப்பெற்று, நான்கு சிங்கங்களின் மேல் நிற்கும் அந்த ஆசனத்தில், அரசர்க்குரிய பொன்னொளியை எதிர்பார்த்துச் செல்பவர் முதலில் காண்பது கீறலும் வடுவுமான மங்கிய மரத்தைத்தான்.

ஸ்காட்லாந்தின் அரசர்கள் முடிசூடிய ஸ்கோன் கல்லை 1296-ல் கவர்ந்துவந்த முதலாம் எட்வர்ட், அக்கல்லை அடியில் தாங்குவதற்கென்றே இதைச் செய்வித்தார். 1300-ஐ ஒட்டி இதற்கு அலங்காரம் செய்தவர் வால்டர் என்னும் சித்திரகாரர். சீமைச்சுண்ணாம்பைப் பசையிற் குழைத்த வெண்பூச்சை மரத்தின்மேல் தடவி, அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டி, பூச்சு முற்றும் இறுகுமுன்னே மழுங்கிய முனைகொண்டு புள்ளி புள்ளியாக அழுத்திப் பறவைகளையும் இலைக்கொடிகளையும் விலங்குகளையும் தீட்டினார்கள். முதுகுப்பலகையில், சிங்கத்தின்மேல் பாதம் ஊன்றிய அரசர் ஒருவரின் உருவமும் இருந்தது. பொன்னிலே பொன்னால் எழுதிய இந்தச் சித்திரம் நேர் வெளிச்சத்தில் எளிதில் புலப்படாது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கும்போது, ஒவ்வொரு புள்ளியும் தன் சிறு நிழலால் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அருகிலிருந்த பள்ளியின் மாணவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் பேனாக்கத்தியால் தம் பெயர்களை இதில் வெட்டிவைத்தார்கள். 1800-ஆம் ஆண்டு ஜூலை 5, 6 தேதிகளில் இதிலேயே உறங்கியதாக ஒருவன் அமரும் பலகையில் பொறித்திருக்கிறான். 1914 ஜூன் 11 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை கோரியவர்கள் வைத்ததாகக் கருதப்படும் வெடிகுண்டினால் ஒரு மூலை சிதைந்தது. 1950-ல் கிறிஸ்துமஸ் நாளின் விடியற்காலையில் ஸ்காட்லாந்து மாணவர் நால்வர் அடியிலிருந்த கல்லைப் பெயர்த்து எடுத்துச் சென்றபோதும் நாற்காலி சேதமுற்றது.

ஆயினும் என் மனத்தை மிகவும் வருத்துவது இவற்றுள் எதுவுமன்று. 1887-ல், விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்கு இதை அழகுபடுத்தும் நோக்கத்துடன், எஞ்சியிருந்த பழம்பூச்சின் மேலேயே பழுப்பு வண்ணத்தைப் பூசிவிட்டார்கள். கண்டனம் எழுந்தவுடன் அதை அவசர அவசரமாக நீக்கப் புகுந்தபோது, அறுநூறாண்டுகளாகப் பிழைத்துவந்த பொன்வேலையில் கணிசமான பகுதி அதனுடனே பெயர்ந்துபோயிற்று. கத்தி பட்ட இடத்தில் ஒரு கோடுதான் போயிற்று; வண்ணத்தூரிகை பட்ட இடத்திலோ பரப்பே போயிற்று. பழம்பொருளைப் புதிதாக்கவேண்டும் என்னும் ஆசை, நல்லெண்ணத்தில் பிறந்தாலும், அதன் மேனிக்குப் பெரும் பகை என்பதே என் துணிபு.

இக்காலத்து நிபுணர்கள் இதனை நன்கு உணர்ந்திருக்கிறார்கள். 2010 முதல் 2012 வரை நடந்த பராமரிப்பிலும், 2023 மே 6-இல் மூன்றாம் சார்லஸ் முடிசூடுவதற்கு முன் நடந்த பராமரிப்பிலும், பெயர்களை அழிக்கவோ மீண்டும் பொன் பூசவோ அவர்கள் முற்படவில்லை. பஞ்சு சுற்றிய குச்சியாலும் மென்மையான பஞ்சுத்துண்டாலும் அழுக்கை அங்குலம் அங்குலமாக ஒற்றியெடுத்து, பொருக்கு விட்டு எழும்பிய ரேக்கை அதனதன் இடத்திலேயே படியவைத்தார்கள். அவ்வாறு பொறுமையோடு பார்த்துக்கொண்டே வருகையில், முதுகுப்புறத்தில் அதுவரை எவரும் குறித்துவைத்திராத சில புள்ளிகள் கண்ணிற்பட்டன. அவை ஓர் உருவத்தின் கால்விரல்கள் போலத் தோன்றின.