பறவைத் திட்டு

தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லில் பாறைகளிடையே முழங்கி வீழும் காவிரி, மேட்டூர் நீர்த்தேக்கத்தை அடைந்து அடங்கி நிற்கும். அந்நீர்ப்பரப்பின்மேல், கரிய உச்சியும் மஞ்சள் அலகும் பிளந்த வாலும் உடைய பறவையொன்று தாழப் பறந்து, மீனைக் கண்டதும் தலைகீழாய்ப் பாயும். அதன் பெயர் ஆலா. ஆற்றில் வாழும் இவ்வாலாவிற்குக் கடலில் உறவினங்கள் பல உள. அவற்றுள் சில குஞ்சு பொரிக்கும் இடமே இலட்சத்தீவைச் சார்ந்த பிட்டி.

பிட்டி, கவரத்தித் தீவிற்கு வடமேற்கே 24 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 3 ஏக்கர். ஓர் எளிய உழவரின் நிலம் அளவே. மணலும் பவளக் கல்லுமன்றி மரமில்லை, குடியுமில்லை. தீவு மக்கள் அதனைப் 'பட்சிப் பிட்டி' என்பர். இசைவு பெற்றோர் காலையில் கவரத்தியினின்று படகேறிச் சென்று, பொழுது சாயுமுன் மீளலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் கடல் கொந்தளித்தலின் அப்பயணம் அரிது.

படகு நெருங்குகையில் பறவைக் கூட்டம் மேகம்போல் எழும்; இரைச்சல் காதை அடைக்கும். காண்போர்க்கு அது விருந்து, பறவைகட்கோ இடர். அங்கு முட்டையிடும் இனங்களுள் ஒன்று, முதுகு கருத்து வயிறு வெளுத்த ஆலா. வெறுந்தரையில் அது ஒரு பருவத்திற்கு ஒரே முட்டை இடும். முட்டைக்குச் சூடு ஊட்டுதற்கு மட்டுமன்றி, நிழல் தருதற்கும் பெற்றோர் இரண்டும் மாறி மாறி அதன்மேல் அமரும். மக்கள் காலடிக்கு அஞ்சி அவை நெடுநேரம் வானில் வட்டமிடின், முட்டையினுள் இருக்கும் உயிர் வெயிலில் வெந்துபோம். ஆதலின் அப்பருவத்தில் செல்வோர் கரையிறங்காது, படகிலிருந்தே கண்டு மீளுதல் முறை.

இவ்வாலாவின் சிறகில் நீர் ஒட்டாத் தன்மை குறைவு. நெடுநேரம் மிதக்க மாட்டாது. ஆகவே, பறக்கத் தொடங்கிய குஞ்சு, தான் முட்டையிடத் திரும்பும் வரை சில ஆண்டுகளைப் பெரும்பாலும் வானிலேயே கழிக்கும்! ஆழ மூழ்கவும் இயலாமையால், சூரை மீன்கள் கீழிருந்து துரத்த மேலெழும் சிறு மீன்களைக் கவ்வியே அது உயிர் வாழும்.

மீனவர் பிழைப்பும் இங்கேதான் வந்து இணைகின்றது. இலட்சத்தீவில் சூரை பிடித்தலே பெருந்தொழில். தூண்டிற்கழியால் பிடித்த மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்தி மாசியாக்குவர். பரந்த கடலில் சூரைக் கூட்டம் உள்ள இடத்தை அவர்க்குக் காட்டுவன, கூடிப் பறக்கும் இப்பறவைகளே. அங்ஙனமிருந்தும் முற்காலத்தில் பிட்டியில் இறங்கி முட்டைகளை வாரிச் சென்றோர் உளர். வழிகாட்டியின் வீட்டையே கொள்ளையிட்டதனோடு அது ஒக்கும்.

1995-ஆம் ஆண்டு பிட்டி பறவைப் புகலிடமாயிற்று. ஆயினும் ஆலா முட்டையிடுவது மணலில். இரை தேடுவது கடலில். 2020-ஆம் ஆண்டு, தீவைச் சூழ்ந்த கடலும் திட்டுகளும் சேர்ந்த 62 சதுர கிலோமீட்டர் பரப்பு, பி. எம். சயீது கடற்பறவைக் காப்பகம் என்னும் பெயரால் காவலுக்கு உட்பட்டது.