பக்கி வண்டி விளையாட்டும் பாதுகாப்பும்

உழைப்பும் ஓய்வும் பகலும் இரவும் போல ஒன்றையொன்று தொடர்ந்து வருவன. ஓய்வின்றி உழைப்பவன் விரைவில் உழைப்புக்கே உதவாதவனாகின்றான். உழைப்பின்றி ஓய்ந்திருப்பவனோ ஓய்வின் சுவையை அறியான். இவ்வுண்மை எல்லா ஊர்க்கும் பொதுவாயினும், ஒரகடத்துக்கு அணித்தாயுள்ள சேரப்பணஞ்சேரி போன்ற ஊர்களில் இன்று பெரிதும் கருதற்பாலது. முன்னாளில் ஏரியும் வயலும் ஆடுமாடுமே செல்வமாகக் கொண்டிருந்த இந்நிலப்பகுதி, இந்நாளில் வண்டி செய்யும் நாடாயிற்று. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை தொழில் தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலையும், 2012-இல் டைம்லர் லாரி ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் எழுந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் வந்த இளைஞர் இங்கே முறைமாற்றி இரவும் பகலும் உழைக்கின்றனர். அவர்தம் மனைவி மக்களோடு விடுமுறை நாளைக் களிப்பாகக் கழித்தற்கு இடம் யாது? விடையில்லாமையின், இளைஞருட் சிலர் நெடுஞ்சாலையையே ஆடுகளமாக்கி உயிரிழக்கின்றனர். ஆதலின், கரடுமுரடான நிலத்தில் ஓடும் பக்கி வண்டிகளைக் கொண்டு குடும்பத்தார் அனைவரும் அச்சமின்றிக் கூடி மகிழும் விளையாட்டை நடத்துவது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பக்கி என்னுஞ் சொல் நம் நாட்டுக்குப் புதியதன்று. ஒற்றைக் குதிரை பூட்டிய இலேசான வண்டியை ஆங்கிலேயர் காலத்தில் அப்பெயரால் வழங்கினர். குதிரை போய் எஞ்சின் வந்த பின்னர், மணல்மேட்டிலும் மேடுபள்ளத்திலும் ஓடத்தக்க எடை குறைந்த மோட்டார் வண்டிக்கு அப்பெயர் உரியதாயிற்று. 1964-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பார் அமைத்த மணற்பக்கி பெரும்புகழ் பெற்றது. 1967-இல் மெக்சிகோ நாட்டின் பாஹா தீபகற்பத்துப் பாலைநிலத்தில் நடந்த முதல் நெடும்பந்தயத்தில் அவ்வகை வண்டியே வென்றது. அந்நிலத்தின் பெயரையே தாங்கி, 1976-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்க்கு ஒரு போட்டி தோன்றிற்று. மாணவரே ஒற்றை இருக்கைப் பக்கியைத் திட்டமிட்டு, குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, தாமே ஓட்டிக் காட்டவேண்டும். இப்போட்டி 2007-இல் நம் நாட்டிலும் இந்தூரை அடுத்த பீதம்பூரில் தொடங்கியது. இதனை நடத்தும் எஸ்.ஏ.இ. இந்தியா என்னும் பொறியியலார் சங்கத்தின் தலைமையிடம் நமது சென்னையே என்பது மகிழ்தற்குரியது.

இனி, வண்டிப் பந்தயம் இவ்வட்டாரத்துக்கும் பழக்கமானதே. 1953-இல் நிறுவப்பெற்ற சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த சோழவரம் விமானத்தளத்திற் பன்னெடுநாள் பந்தயங்கள் நடத்தினர். பின்னர் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயச்சாலை அமைத்தனர். அதன் சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். பயின்ற வீரரும் மருத்துவரும் காவலரும் நிறைந்த அவ்விடத்திலேயே, 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் நெடுங்கால அனுபவம் வாய்ந்த கே. இ. குமார் என்னும் கார் வீரரும், அவ்வாண்டு ஆகஸ்டில் 13 வயதே நிரம்பிய ஒரு சிறுவனும் பந்தயத்தில் உயிர் துறந்தனர். எல்லா ஏற்பாடும் உள்ள இடத்திலேயே இங்ஙனமாயின், ஏற்பாடொன்றுமின்றி ஓர் ஊர்ப்புறத் தரிசில் நான்கு வண்டிகளை ஓடவிட்டு நானூறு பேரைச் சுற்றி நிறுத்துதல் எத்துணைப் பேதைமை! விளையாட்டு வேண்டாமென்று யாம் கூறுகின்றேமல்லேம்; ஏற்பாடு முந்துக, விளையாட்டுப் பிந்துக என்பதே எம் கருத்து.

மனுநீதிச் சோழன் கதையைத் தமிழர் அறியாதாரில்லை. அரசகுமாரன் கன்றைக் கொல்லக் கருதித் தேரூர்ந்தானல்லன். கன்று தானே துள்ளி வந்து சக்கரத்தில் வீழ்ந்தது. ஆயினும், அறியாமற் செய்தான் என்று அரசன் குற்றத்தைத் தள்ளிவிடவில்லை. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவ்வரசனுக்குச் சிலை நிறுவியிருக்கின்றனர். அக்கதையின் நீதி பக்கி விளையாட்டை நடத்துவார்க்கு நேரே பொருந்தும். கன்று வரக்கூடும் என்பதை முன்னரே எண்ணி வேலியிடாமை, வேலியிடவேண்டியவரின் குற்றமேயன்றிக் கன்றின் குற்றமன்று.

ஆகவே முதலாவது கருதவேண்டுவது இடம். சேரப்பணஞ்சேரியைச் சூழ்ந்த நாடு ஏரிகள் மலிந்தது. கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரியின் உள்வாய் பரந்து காணப்படுதலின், அதுவே தக்க களமென்று சிலர் கருதக்கூடும். அது தவறு. சக்கரங்கள் கரையைச் சிதைக்கும். சிந்திய எண்ணெய் மழைக்காலத்தில் நீரோடு கலக்கும். மேய்ச்சல் நிலமும் பாழாம். உரியவர் எழுத்து மூலம் இசைந்த தனியார் மேட்டுநிலமே ஏற்றது. அந்நிலத்தை முந்தின நாள் முழுதும் நடந்து பார்த்து, கைவிட்ட கிணறு, முட்கம்பி, மறைந்த கல், தாழ்ந்த மின்கம்பி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆடுமாடு நுழையும் வழிகளை அடைத்தல் வேண்டும்.

மக்கள் நிற்குமிடம் பாதைக்கு எத்துணைத் தொலைவில் இருக்கவேண்டும்? மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு வினாடியில் 10 மீட்டர் செல்லும். ஆபத்தைக் கண்ட சாரதி பிரேக்கை மிதிக்கும் முன்னரே ஏறத்தாழ ஒரு வினாடி கழிந்துவிடும். அதன் பின்னரும் புழுதியிற் சக்கரம் சறுக்கும். வேகம் இருமடங்காயின் வண்டியின் மோதுவலி நான்மடங்காம். ஆதலின் கயிறு கட்டிவிட்டோம் என்று அமைதல் போதாது. கயிறு மனிதனைத் தடுக்குமேயன்றி வண்டியைத் தடுக்காது. திருப்பங்களின் வெளிப்புறமே வண்டி தடம் விட்டுப் பாயும் இடமாதலால், அங்கே ஒருவரையும் நிற்கவிடலாகாது. உட்புறமும் உயர்ந்த மேடுமே காண்போர்க்கு ஏற்றவை. இடையே மண்ணணையும், ஒன்றோடொன்று பிணைத்த பழைய டயர் அடுக்கும் இருத்தல் நன்று. வைக்கோற்கட்டு மலிவாயினும் தீப்பற்றும் இயல்பினது; பெட்ரோல் உள்ள இடத்துக்கு அது ஆகாது.

இரண்டாவது, வண்டி. கரடான நிலத்தில் வண்டி கவிழ்தல் அரிதன்று. சக்கரம் பள்ளத்திற் சிக்கினால் மெல்லச் செல்லும் வண்டியும் உருளும். அப்பொழுது சாரதியைக் காப்பது அவரைச் சூழ்ந்த குழாய்க்கூண்டே. மேற்கூறிய மாணவர் போட்டியில் அதற்கு நுணுக்கமான விதிகள் உண்டு. குழாய் 25 மில்லிமீட்டர் புறவிட்டமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகினால், அல்லது அதற்கு நிகரான வலிமையுடையதாய் இருக்கவேண்டும். தலைக்கவசத்துக்கும் கூண்டுக்கும் இடையே ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வெளி வேண்டும். ஆயின் கூண்டு மட்டும் உயிர் காவாது. தோளையும் இடுப்பையும் பிணிக்கும் இருக்கைவார் இல்லையேல், கவிழும் வண்டியிலிருந்து மனிதன் வெளியே எறியப்பட்டு, அக்கூண்டின் கீழேயே நசுங்குவான். கவிழுங்கால் கையை வெளியே நீட்டி ஊன்றுதல் மனித இயல்பாகலின், கையும் வெளிவாராமற் பட்டையாற் கட்டப்படும். எஞ்சினை உடனே நிறுத்தும் சுவிட்ச் இரண்டு வேண்டும்: ஒன்று சாரதியின் கைக்கெட்டும் இடத்தில், மற்றொன்று வெளியே நிற்பவர்க்கு எட்டும் இடத்தில். பிரேக்கை அழுத்தினால் நான்கு சக்கரமும் ஒருங்கே சுழற்சி நிற்றல் வேண்டும். சாரதி 5 வினாடிக்குள் வாரவிழ்த்து வெளியேறிக் காட்டல் வேண்டும். இவற்றுள் ஒன்றிற் குறையினும் வண்டியைக் களத்துட் புகவிடலாகாது. நண்பர் வண்டியாயிற்றே என்னும் தாட்சணியம் இங்கே உதவாது.

இச்சோதனைகள் வீணெனத் தோன்றுமாயின், ஒரகடத்திலேயே அமைந்துள்ள குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்னும் ஆராய்ச்சி நிலையத்தை நினைக்க. அங்கே மனிதப் பதுமைகளை உள்ளிருத்திக் கார்களை வேண்டுமென்றே மோதவிட்டு ஆராய்தற்கு வசதியுண்டு. பதுமை அடிபட்டுக் கற்பித்த பாடத்தை மனிதன் அடிபட்டுக் கற்கவேண்டுவதில்லை.

மூன்றாவது, மக்கள். உடையும் கூந்தலும் இங்கே சிறிய காரியங்களல்ல. 2020-இல் ஹைதராபாத் நகரின் புறத்தே பொழுதுபோக்காகக் கார்ட் வண்டியில் அமர்ந்த ஓர் இளம்பெண், கூந்தல் சக்கரத்திற் சிக்கி உயிரிழந்தாள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் பின்னல், கழுத்துத் துண்டு எதுவாயினும் சுழலும் உறுப்பிற் சிக்கின் கண்ணிமைப்பொழுதில் விபத்தாம். ஆகவே வண்டியேறும் மகளிர்க்கும் ஆடவர்க்கும் மேலங்கி ஒன்றை நடத்துவோரே கொடுத்து, கூந்தலை முடித்துத் தலைக்கவசத்தினுள் அடக்கச் செய்தல் வேண்டும். சுழலும் உறுப்புகளுக்கு மூடியும் வேண்டும். குழந்தையை மடியில் இருத்தி ஓட்டுதலை எவ்வாற்றானும் அனுமதிக்கலாகாது. வளர்ந்தவர்க்கென அமைந்த வார் குழந்தையைப் பிணியாது. தந்தையின் உடலே மோதலின்போது அதனை நசுக்கும். சிறுவர்க்கெனத் தனியே ஒரு மூலையை வேலியிட்டு, காலால் மிதித்தோட்டும் நாற்சக்கர வண்டிகளை வைத்தல் சாலும். அவர் மகிழ்ச்சிக்கு அதில் ஒரு குறைவும் இராது. மதுவருந்தியவர் சாரதியாயினும் காவலராயினும் களத்தில் இடம்பெறலாகாது.

நான்காவது, விளையாட்டின் வகை. குடும்பக் கூட்டத்துக்கு, பல வண்டிகள் ஒருங்கே நெருங்கி ஓடும் வேகப்பந்தயம் தகாது. ஒரு வேளைக்கு ஒரு வண்டியே ஓடுதல் நன்று. நட்ட கழிகளிடையே தொடாமல் வளைந்து செல்லுதல், பின்னோக்கி வந்து குறித்த கட்டத்துள் நிறுத்துதல், நீர் நிறைந்த குடத்தைப் பின்தட்டில் ஏற்றிச் சிந்தாமற் கொண்டுவருதல் போன்றவை திறமையைக் காட்டுவன, வேகத்தைத் தூண்டாதன. இவற்றினும் சிறந்தது குறித்த நேரத்திற் சுற்றிவரும் போட்டியாம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் 3 கிலோமீட்டர் கடக்க 10 நிமிடமாகும். 11 நிமிடத்தில் வந்தவர்க்கு ஒரு குற்றமெண். 9 நிமிடத்தில் வந்தவர்க்கோ இரண்டு. முந்தியவர் தோற்கும் இப்போட்டியில் வேகவெறிக்கு இடமில்லை. இரட்டை இருக்கை வண்டியாயின் கணவர் ஓட்ட மனைவியார் கடிகாரமும் குறிப்பும் பார்த்து வழிகூறலாம்; மனைவியார் ஓட்டக் கணவர் வழிகூறின் இன்னும் நன்று. கணக்கறிந்த குடும்பமே வெல்லும்.

பாதை நெடுகிலும் ஒருவரையொருவர் காணுமாறு கொடிபிடிக்கும் காவலர் நிற்கவேண்டும். மஞ்சட்கொடி ஆபத்தை உணர்த்தி வேகத்தைக் குறைப்பிக்கும். செங்கொடி உடனே நிறுத்துவிக்கும். இவற்றின் பொருளைச் சாரதிகட்கு மட்டுமன்றிக் காண்போர்க்கும் தொடக்கத்திலேயே தமிழில் விளக்குக. தீயணைப்பான்களும் அவற்றை இயக்கப் பயின்றவரும் வேண்டும். 108 எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும் என்று வாளாவிருத்தல் கூடாது. மருத்துவரோடு ஓர் ஆம்புலன்ஸ் களத்திலேயே நிற்கவேண்டும். அது ஒருவரை ஏற்றிச் சென்றால், வேறொன்று வரும்வரை ஆட்டம் நிற்கவேண்டும். இவ்விதி ஒன்றைக் கைக்கொண்டாலே பல உயிர் பிழைக்கும். தண்ணீர் லாரியால் பாதையை நனைத்துப் புழுதி அடக்குதலும், நிழற்பந்தலும், குடிநீரும், மகளிர்க்குத் தனிக் கழிப்பிடமும் அமைத்தலும் வேண்டும். இவை இன்றேல் குடும்பக் கூட்டமென்பது பெயரளவினதே. வெயிலும் மழையும் குறைந்த தைமாதம் தக்க காலம். உற்றார் ஒருங்கே கூடும் காணும் பொங்கல் போன்ற நாள் மிகப் பொருந்தும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, அரசின் எழுத்திசைவின்றிப் பொதுவழியிற் பந்தயமோடுதலைக் குற்றமாக்குகின்றது. பதிவு பெறாத பக்கி வண்டியைச் சாலையில் ஓட்டிவருதலும் கூடாது. லாரியில் ஏற்றியே கொணர்தல் வேண்டும். காவல் நிலையம், ஊராட்சி, மாவட்ட ஆட்சியாளர் ஆகியோர்க்கு முன்னரே அறிவித்து இசைவு பெறுக, காப்பீடும் செய்க. வண்டியோசை அண்டை வீட்டு நோயாளிக்கும் இரவு வேலை முடித்து உறங்குவார்க்கும் இடையூறாகாதபடி மாலைக்குள் முடித்தல் நாகரிகம். வண்டுகள் அஞ்சுமென்று தேர்மணியின் நாவைக் கட்டிச் செலுத்திய தலைவனை அகநானூற்றிற் காண்கின்றோம். வண்டுக்கு இரங்கிய மரபில் வந்த நாம் மனிதர்க்கு இரங்கவேண்டாவா?

புதுவீடு கட்டுவோன் ஒருவனும் விழுந்து சாகாதபடி மேற்றளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எடுக்கவேண்டும் என்று உபாகமத்தில் ஒரு கட்டளை உண்டு. விழுந்தவன் கவனமின்றி நடந்தான் என்று வீட்டுக்காரன் தப்பிக்கொள்ள அங்கே வழியில்லை. சுவரில்லாத வீட்டின்மேல் இரத்தப்பழி தங்கும். மேற்றளத்தில் உலாவுதலை அக்கட்டளை தடுக்கவில்லை. அச்சமின்றி உலாவும்படியே சுவரை வேண்டுகின்றது. பக்கி விளையாட்டுக்கும் இதுவே நெறி. வேலியும் வாரும் கொடியும் நம் மகிழ்ச்சிக்குத் தடைகளல்ல. மகிழ்ச்சியைத் தாங்கும் கைப்பிடிச்சுவர். பிறர்க்காக வண்டி செய்து களைத்த கைகள் சேரப்பணஞ்சேரி வெளியில் ஒருநாள் தம் மக்களோடு களித்து, போனவர் அனைவரும் மாலையில் முழு உடலோடு வீடு திரும்புவாராயின், அதுவே அவ்விளையாட்டின் முதற்பரிசு. அப்பரிசு ஒருவர்க்கன்று, வந்தார் எல்லார்க்கும் உரியதாகுக.