சுலைமானியா: குவிமாடமும் அதைச் சுற்றிய நகரமும்

உதுமானியப் பேரரசின் சுல்தான்களும் அவர்களது குடும்பத்தாரும் பெரிய பள்ளிவாசல்களை எழுப்பியபோது, பெரும்பாலும் அவற்றைத் தனிக் கட்டடங்களாக விட்டுவிடவில்லை. தொழுகைக்கூடத்தை நடுவில் வைத்து, மதரசா, மருத்துவமனை, அன்னசாலை, விருந்தினர் விடுதி, குளியலகம், கடைத்தெரு, அடக்கத்தலம் ஆகியவற்றை அதைச் சுற்றி அமைத்து, அத்தனையையும் ஒரே அறக்கட்டளையின் கீழ் நடத்தினார்கள். இத்தகைய கட்டடத் தொகுதி துருக்கியில் ‘குல்லியே’ எனப்படுகிறது. இஸ்தான்புல்லைக் கைப்பற்றிய இரண்டாம் மெஹ்மெத் 1463 முதல் 1470 வரை கட்டிய ஃபாத்திஹ் தொகுதி இதற்கு முன்மாதிரியாக விளங்கியது. அந்த மரபின் முழு வளர்ச்சியைக் காண விரும்புவோர் பார்க்க வேண்டியது, 1550இல் தொடங்கி 1557இல் பள்ளிவாசல் திறக்கப்பட்ட சுலைமானியா தொகுதியே ஆகும்.

இதைக் கட்டுவித்தவர் 1520 முதல் 1566 வரை ஆண்ட சுல்தான் சுலைமான். வடிவமைத்தவர் மிமார் சினான். கைசேரிக்கு அருகிலுள்ள அகிர்னாஸ் என்ற ஊரில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பணிக்குச் சிறுவர்களைத் திரட்டும் முறையின்படி படையில் சேர்க்கப்பட்ட சினான், போர்க்களங்களில் பாலங்களும் கோட்டை வேலைகளும் செய்து பழகிய பொறியாளராக உயர்ந்து, 1530களின் இறுதியில் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். 1588இல் இறக்கும் வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். தொகுதிக்கெனத் தேர்ந்த இடம் இஸ்தான்புல் நகரின் மூன்றாம் குன்றில், பழைய அரண்மனைக்கு உரிய நிலத்தில், தங்கக் கொம்பு எனப்படும் கடற்கழியை நோக்கிச் சரிந்திறங்கும் பகுதி. ஆகவே கட்டுமானத்தின் முதல் வேலை குன்றைப் படிநிலை மேடைகளாகச் சமன்செய்து, கனத்த தாங்குசுவர்களால் மண்ணை நிறுத்துவதாக இருந்தது. பள்ளிவாசல் மேல்மேடையில் நிற்க, வடகிழக்குச் சரிவிலுள்ள மதரசாக்கள் சரிவோடு சேர்ந்து படிப்படியாகக் கீழிறங்குகின்றன.

தொழுகைக்கூடம் நீளத்தில் சுமார் 59 மீட்டரும் அகலத்தில் சுமார் 58 மீட்டரும் கொண்ட, ஏறத்தாழ சதுரமான இடம். அதன் மேல் உயரும் முதன்மைக் குவிமாடத்தின் விட்டம் சுமார் 26.5 மீட்டர், உச்சி தரையிலிருந்து சுமார் 53 மீட்டர், அதாவது விட்டத்தைப் போல் இரு மடங்கு. இவ்வளவு பெரிய செங்கல் குவிமாடத்தை நிறுத்துவதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, வட்டமான விளிம்பைச் சதுரத்தில் நிற்கும் நான்கு பெருந்தூண்களின் மேல் அமர்த்துவது: தூண்களுக்கிடையே நான்கு பெரிய வளைவுகளை எழுப்பி, வளைவுகள் சந்திக்கும் மூலைகளை உட்குழிந்த முக்கோணப் பரப்புகளால் நிரப்பினால், அவற்றின் மேல்விளிம்புகள் கூடி ஒரு வட்டத்தை அமைக்கின்றன. இரண்டாவது சிக்கல் கடினமானது. குவிமாடம் தன் எடையைக் கீழ்நோக்கி மட்டும் இறக்குவதில்லை, அடிப்பகுதியை வெளிப்புறமாகவும் தள்ளுகிறது. அந்தப் பக்கத் தள்ளலைத் தடுக்காவிட்டால் அடிவிளிம்பு பிளந்து கூரை சரியும்.

சினான் இதற்குத் திசைக்கொரு விடை தந்தார். மக்கா நோக்கிய கிப்லாப் பக்கத்திலும் அதற்கு நேரெதிரான வாயில் பக்கத்திலும் இரண்டு அரைக்குவிமாடங்களைச் சாய்த்து நிறுத்தி, தள்ளல் அவற்றின் வழியே சிறு அரைக்குவிமாடங்களுக்கும் சுவருக்கும் படிப்படியாக இறங்குமாறு செய்தார். இந்த அமைப்பு, 537இல் நிறைவடைந்த ஆயா சோபியாவின் அமைப்பைத் தெரிந்தே பின்பற்றுவது. ஆனால் ஆயா சோபியாவின் பக்கப்பகுதிகளைத் தூண்வரிசைகள் நடுக்கூடத்திலிருந்து பிரித்துவிடுகின்றன. சுலைமானியாவிலோ பக்கத்துக்கு இரண்டாக நான்கு உயர்ந்த கருங்கல் தூண்கள் மட்டுமே இடையில் நிற்பதால், தொழுவோர் எங்கிருந்தாலும் முழுக் கூடமும் ஒரே வெளியாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

மற்ற இரு பக்கங்களில் அரைக்குவிமாடங்கள் இல்லை. வளைவுகளுக்குக் கீழே சாளரங்கள் நிறைந்த பெருஞ்சுவர்களே உள்ளன. அங்கே தள்ளலைத் தாங்குபவை கனத்த முட்டுச்சுவர்கள். ஆயா சோபியாவில் வெளியே பருத்து நிற்கும் இந்த உறுப்பைச் சினான் சுவரோடு இணைத்து, பாதியை உள்ளேயும் பாதியை வெளியேயும் நீட்டி, அவற்றுக்கிடையேயான இடைவெளிகளில் தூண்கள் தாங்கிய நடைமாடங்களை அமைத்தார். வெளிப்புற மாடத்தின் கீழே, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவுக்கான குழாய்கள் வரிசையாக வைக்கப்பட்டன. கட்டடத்தைக் காக்கும் முட்டுச்சுவர் மக்கள் அமரும் நிழலாகவும் பயன்படுமாறு அமைத்த இந்தத் தீர்வில்தான் சினானின் மேதைமை தெளிவாக வெளிப்படுகிறது. கற்களை இணைத்த இரும்புக் கவ்விகளைச் சுற்றி உருக்கிய ஈயம் ஊற்றப்பட்டது. ஈயம் கவ்வியை இறுக்கிப் பிடித்ததோடு, ஈரம் புகுந்து இரும்பு துருப்பிடிப்பதையும் தடுத்தது. குவிமாடங்களின் வெளிப்பரப்பும் மழைநீர் புகாதவாறு ஈயத் தகடுகளால் மூடப்பட்டது.

வாயிலுக்கு முன்னுள்ள முற்றத்தின் நான்கு மூலைகளிலும் மினாராக்கள் நிற்கின்றன. பள்ளிவாசலை ஒட்டியவை உயரமானவை, மும்மூன்று மாடங்கள் கொண்டவை. மற்ற இரண்டும் குட்டையானவை, இரண்டிரண்டு மாடங்கள் கொண்டவை. மோதினார் பாங்கு சொன்ன இம்மாடங்கள் மொத்தம் பத்து. சுலைமான் உதுமானிய வம்சத்தின் பத்தாம் சுல்தான், இஸ்தான்புல் கைப்பற்றப்பட்ட பின் நான்காமவர் என்பதையே இந்த எண்ணிக்கைகள் குறிக்கின்றன என்பது மரபு வழங்கும் விளக்கம்.

உள்ளே அலங்காரம் அளவோடு நிற்கிறது. குவிமாட அடியின் 32 சாளரங்கள் வழியே வரும் வெளிச்சம் வெண்சுவர்களில் பரவ, வண்ணம் முழுவதும் கிப்லாச் சுவரில் குவிக்கப்பட்டுள்ளது. இமாம் நிற்கும் மாடக்குழியான மிஹ்ராபைச் சுற்றி இஸ்னிக் நகரின் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன; மெருகுக்கு அடியில் புடைத்துத் தெரியும் செந்நிறம் கட்டட ஓடுகளில் முதன்முதலில் விரிவாகப் பயன்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று. எழுத்தணிக்கலை அஹ்மத் கராஹிசாரியின் மரபில், அவருடைய மாணவர் ஹசன் செலபியின் கையால் நிறைவேறியது. எண்ணெய் விளக்குகளின் புகை காற்றோட்டத்தால் வாயிலுக்கு மேலுள்ள அறையில் சேர்ந்து, அந்தக் கரியிலிருந்து எழுதும் மை செய்யப்பட்டது என்பது இஸ்தான்புல்லில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

பள்ளிவாசலைச் சூழ்ந்த கட்டடங்களே இத்தொகுதியின் மற்றொரு பாதி. பேரரசின் மிக உயர்ந்த கல்வித் தரவரிசையில் வைக்கப்பட்ட நான்கு மதரசாக்கள், நபிமொழிக் கல்விக்கான தாருல் ஹதீஸ், மருத்துவக் கல்விக்கெனத் தனியே ஒரு மதரசா, அதற்கு அருகில் மருத்துவமனை, சிறுவர் பள்ளி, குளியலகம் ஆகியவை தெருக்களை ஒட்டி வரிசையாக அமைந்தன. இமாரத் எனப்பட்ட அன்னசாலை மாணவர்க்கும் ஊழியர்க்கும் வழிப்போக்கர்க்கும் ஏழைகளுக்கும் உணவளித்தது. அதை அடுத்த விடுதியில் பயணிகள் தங்கினர். கிப்லாச் சுவருக்குப் பின்னாலுள்ள அடக்கத்தலத்தில், 1558இல் இறந்த அரசி ஹுர்ரமுக்கும் 1566இல் ஹங்கேரியின் சிகெத்வார் முற்றுகையின்போது இறந்த சுலைமானுக்கும் தனித்தனியே எண்கோணக் கல்லறை மண்டபங்கள் உள்ளன. சினானின் சிறிய கல்லறை தொகுதியின் வடக்கு மூலையில், மதிலுக்கு வெளியே இருக்கிறது.

இத்தனையையும் நடத்தியது வக்ஃபு. சொத்தை இறைவழியில் நிரந்தரமாக ஒப்படைத்து, அதை விற்கவோ பங்கிடவோ இயலாதபடி செய்து, வருவாயைக் குறித்த அறப்பணிக்கே செலவிடும் ஏற்பாடு அது. ஊர்களின் வரி வருவாயும், மதரசாக்களுக்கு அடியிலும் அருகிலும் கட்டப்பட்ட கடைகளின் வாடகையும் ஆசிரியர் சம்பளமாகவும் மருந்தாகவும் அன்றாட உணவாகவும் மாறின. யாருக்கு எவ்வளவு என்பதை அறக்கட்டளை ஆவணம் வரையறுத்தது. கட்டுமானக் கணக்கேடுகளும் எஞ்சியுள்ளன. துருக்கிய வரலாற்றாசிரியர் ஓமர் லுத்ஃபி பர்கான் அவற்றை ஆராய்ந்து, வேலை செய்த கைவினைஞரில் ஏறத்தாழ பாதிப் பேர் கிறித்தவர்கள் என்பதையும், உழைப்பின் பெரும்பகுதி கூலி பெற்றவர்களுடையது என்பதையும், கப்பல் அடிமைகளின் பங்கு சிறியதே என்பதையும் வெளிக்கொணர்ந்தார்.

1660இன் தீவிபத்தும் 1766இன் நிலநடுக்கமும் பள்ளிவாசலைச் சேதப்படுத்தின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர்களான ஃபொசாத்தி சகோதரர்கள் செய்த பழுதுபார்ப்பு உள்ளோவியங்களின் தோற்றத்தை மாற்றியது. முதல் உலகப்போரில் முற்றம் ஆயுதக் கிடங்காகி மீண்டும் தீக்கு இரையாயிற்று. 1950களிலும், 2007க்கும் 2010க்கும் இடையிலும் விரிவான சீரமைப்புகள் நடந்தன. 1985இல் இப்பகுதி இஸ்தான்புல்லின் வரலாற்றுப் பகுதிகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

சுலைமானியாவைப் பெரிய குவிமாடம் என்று மட்டும் அறிமுகப்படுத்துவது குறையுடையது. குவிமாடத்தின் அளவில் அது ஆயா சோபியாவைவிடச் சிறியது. பிற்காலத்தில் எதிர்னே நகரில் சினானே கட்டிய செலிமியாவைவிடவும் சிறியது. தொழுகை, கல்வி, மருத்துவம், உணவு, வணிகம் ஆகியவை ஒன்றையொன்று தாங்குமாறு ஒரு நகர்ப்பகுதியையே திட்டமிட்டு அமைத்த முழுமையே அதன் தனிச்சிறப்பு. அங்கே செல்லும் வாசகர் தொழுகைக்கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், எதிரேயுள்ள கடைத்தெருவையும் மதரசாக்களையும் சுற்றி வர வேண்டும். முதல் இரண்டு மதரசாக்களில் இன்றும் சுலைமானியா நூலகம் இயங்குகிறது, அரபு, பாரசீக, உதுமானியத் துருக்கிக் கையெழுத்துச் சுவடிகளின் உலகப் பெருந்தொகுப்புகளுள் ஒன்று அங்கேதான் காக்கப்படுகிறது.