பழைய வீட்டு லைட்டை மாத்துறீங்களா? ஒயர் கலரை நம்பாதீங்க

காசிமேட்டுல ஒரு பழைய வீட்டுக்குக் குடிபோறீங்க, கூரையில இருக்கிற ஹோல்டரைக் கழட்டிட்டு எல்இடி லைட் மாட்டணும்னு வைங்க. ஏணி போடுறதுக்கு முன்னாடி ஒயரைப் பாருங்க.

மரச்சட்டம் மேல தகரக் கிளிப் அடிச்சு ஒயர் போகுதுன்னா, அது பழங்கால வேலை. மேலுறை ரப்பரா இருந்தா வளைச்சாலே உதிரும். உள்கம்பி வெள்ளி நிறமா இருந்தா அலுமினியமா இருக்கலாம், இல்ல வெள்ளீயம் பூசின செம்பா இருக்கலாம். கடலோர உப்புக்காத்து இந்த இணைப்புகளைச் சீக்கிரம் அரிச்சிடும்.

சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். நம்ம ஊர் வழக்கம் இதுதான். ஆனா பல கை பட்ட வீட்டுல கிடைச்ச ஒயரை இழுத்திருப்பாங்க. சில இடத்துல சுவிட்சையே நியூட்ரல்ல போட்டிருப்பாங்க. அப்போ சுவிட்சை அணைச்சாலும் ஹோல்டர்ல 230 வோல்ட் நிக்கும். அணைச்ச எல்இடி இருட்டுல மங்கலா மினுங்கினா, இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

அதனால மெயினையே அணைங்க. ஒரே வாசல்ல நாலு குடித்தனம்னா, எது உங்க மெயின்னு உறுதி பண்ணிக்கோங்க. டெஸ்டரை முதல்ல கரண்ட் இருக்கிற இடத்துல வச்சு, அது வேலை செய்யுதான்னு பாருங்க. அப்புறம் ஹோல்டரோட ரெண்டு முனையிலயும் வைங்க.

ரெண்டே ஒயர்தான், எர்த் இல்லைன்னா இரும்பு பாடி லைட் வேண்டாம். ரப்பர் உதிருதா? அதோட நிறுத்திட்டு, லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்க. ஒயரிங்கை மாத்துற செலவை வீட்டு ஓனர்கிட்ட தாராளமா பேசலாம். உயிர்கிட்ட பேரம் பேச முடியாது.