மணல் நின்ற இடமும் தண்ணீர் நின்ற இடமும்

ரயில்வேயில் கல்வெர்ட், பாலம் என்று காலம் தள்ளியவர்களுக்கு மானிங் சூத்திரம் பழைய சிநேகிதர் மாதிரி. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889-ல் அளித்தது. ஓடையின் தரை எவ்வளவு சொரசொரப்பு என்பதை ஒரே எண்ணில் அடக்கி, தண்ணீரின் வேகத்தைச் சொல்லிவிடும். வழவழப்பான சிமெண்ட் வாய்க்காலுக்கு 0.013, மண் வாய்க்காலுக்கு 0.025, புதர் மண்டிய ஓடைக்கு இன்னும் அதிகம். ஓய்வுபெற்ற பிறகு சுனாமி ஆராய்ச்சிகளைப் படித்தபோது, அங்கேயும் இதே மானிங் உட்கார்ந்திருந்தார்!

நாலாயிரம் மீட்டர் ஆழக் கடலில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அடித்தரை அதற்கு ஒரு பொருட்டே அல்ல. கரையேறி, தண்ணீர் இரண்டு மீட்டர், ஒரு மீட்டர் என்று மெலியும்போதுதான் தரை அதைப் பிடித்து இழுக்கிறது. இந்த இழுவை சொரசொரப்பு எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.025 என்பதற்குப் பதில் 0.05 போட்டால் எதிர்ப்பு நான்கு மடங்கு. கம்ப்யூட்டர் வரைபடத்தில் வெள்ளம் நிற்கும் கோடு கடல் பக்கமாகப் பின்வாங்கிவிடும். கோட்டுக்கு வெளியே வீடு இருப்பவர் ஓடமாட்டார். வீடுகள் நெருங்கிய இடத்துக்குப் பெரிய எண் போடுவது வழக்கம். அந்த வீடுகளையே அலை பெயர்த்துக்கொண்டு போனால்? எண்ணைக் கொஞ்சம் குறைத்துப் போடுவதே நல்லது என்பது என் கட்சி.

அடுத்தது வண்டல். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் கெசன்னுமா துறைமுகத்தில் புகுந்த அலை கன்னங்கரேல் என்றிருந்தது. கடலடிச் சேற்றை அள்ளி வந்த அந்தத் தண்ணீரைப் பிறகு நிறுத்துப் பார்த்தார்கள். லிட்டருக்குச் சுமார் 1,130 கிராம். சாதாரணக் கடல்நீர் 1,030-க்குள்தான். கனத்த தண்ணீர் சுவரை மோதும் விசையும் கனத்தது.

அதே நாளில் செண்டாய் சமவெளியில் தண்ணீர் நாலரை கிலோமீட்டர் வரை உள்ளே போயிற்று. மணலோ மூன்று கிலோமீட்டருக்குள் நின்றுவிட்டது. அதற்கப்பால் மெல்லிய சேறுதான். வேகம் குறையும்போது பருமணல் முதலில் இறங்கிவிடும், சேறு தொடர்ந்து போகும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கி.பி. 869-ல் இதே சமவெளியைத் தாக்கிய ஜோகன் சுனாமியை விஞ்ஞானிகள் அளந்தது, அது விட்டுப்போன மணலை வைத்துத்தான். மணல் நின்ற இடத்தைத் தண்ணீர் நின்ற இடமாகக் கொண்டதால், அந்தப் பழைய பூகம்பம் 8.4 அளவுக்கு மதிப்பிடப்பட்டது. 2011-ல் வந்ததோ 9.0.

செண்டாயில் கடற்கரைக்கு இணையாக ஒரு நெடுஞ்சாலை, 7 முதல் 10 மீட்டர் உயர மண்கரை மேல் போகிறது. பல இடங்களில் அலையையும் அது இழுத்துவந்த மரம், கார்களையும் அந்தக் கரை தடுத்தது. அடியில் இருந்த சுரங்கப் பாதைகள் வழியே மட்டும் தண்ணீர் அப்பால் புகுந்தது. சொரசொரப்பு எண்ணை எவ்வளவு திருத்தினாலும் இதைக் காட்ட முடியாது. கணக்கின் கட்டங்கள் கரையின் அகலத்தைவிடப் பெரிதாக இருந்தால் கரையே காணாமல் போய்விடும். ஜனங்கள் அந்தச் சரிவில் தொற்றி ஏறித் தப்பினார்கள். பிறகு அங்கே படிக்கட்டுகள் கட்டப்பட்டன.